பெரியம்மா நேர்ந்துவிட்ட நாய்

என் பெரியம்மா சாமிக்குக் கொடுத்த எதுவுமே அவருடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊர் சுங்காயில் அவரைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும், பக்தி என்றால் அந்த அம்மாதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்வார்கள். அவர்களுக்கு என்ன? அவர்கள் வீட்டிலிருந்து ஒரு துரும்புகூடப் போகவில்லை. போனதெல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான்.

அம்மாவின் அக்கா அவர். கட்டிய புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், அப்படியே போய்விட்டார். பிள்ளை இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோதும் எங்களோடுதான், தோட்டம் விற்றுப்போய் நாங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறியபோதும் எங்களோடுதான். ஒல்லியான உடம்பு. நெற்றியில் கால் வெள்ளிக் காசு அகலத்துக்குக் குங்குமம். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது. அவர் எங்கள் வீட்டு முன்வாசலில் நின்று பேசினால் தாமானின் கடைசி வீட்டில் அரிசி களைகிறவளுக்கும் சேதி போய்விடும்.

எனக்கு ஐந்தாம் படிவத்தில் டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "காச்ச எறங்கிருச்சி. ஒன் முடிய மாரியாத்தாளுக்கு நேந்துட்டேன்" என்றார். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. ஆண்டு இறுதி வகுப்புப் படத்தில் நான் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் சீனத் தோழி நான் துறவி ஆகிவிட்டேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள்.

அப்பாவுக்கு நடந்தது இதைவிட மோசம். அப்பா செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். ஊசியைப் பார்த்தாலே மயக்கம் போடுகிற மனிதர். லாரி லைசென்ஸ் கிடைத்தால் அவர் ஈப்போ தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பார் என்று பெரியம்மா வேண்டிக்கொண்டார். லைசென்ஸ் வந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கே விஷயம் தெரியும். நாக்கில் வேலோடு அப்பா நடந்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் அருள் என்றார்கள். வீட்டுக்கு வந்து கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் படுத்துக் கிடந்தவர், அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "அடுத்த தடவ என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டு வேண்டிக்கச் சொல்லு." பெரியம்மாவிடம் நேராகச் சொல்ல அவருக்குச் சாகும்வரைக்கும் தைரியம் வரவில்லை.

அம்மாவின் கூறைப்புடவையும் அப்படித்தான் போயிற்று. தோட்டத்தை விற்றபோது எங்களுக்குத் தாமானில் வீடு கிடைக்குமா கிடைக்காதா என்று இழுத்துக்கொண்டே இருந்தது. கிடைத்த அன்று பெரியம்மா அலமாரியைத் திறந்து புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மன் அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா கும்பிடவில்லை. புடவையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்றுதான் பெரியம்மாவின் மேல் முதல்முதலாகக் கை நீட்ட வேண்டும்போல் இருந்தது.

யாராவது முனகினால் அவரிடம் ஒரே பதில்தான். "நடந்துச்சா, நடக்கலையா?" நடந்தது என்றுதான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நடந்த பிறகுதான் அவர் வேண்டுதலையே வெளியே சொல்வார். நடக்காத வேண்டுதல்களில் எங்களுடைய எந்தெந்தச் சாமான்கள் தப்பித்தன என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். "பெரிம்மா, ஒங்களோடத எப்பவாச்சும் சாமிக்குக் குடுத்திருக்கீங்களா?"

"எங்கிட்ட என்னாடி இருக்கு? இருந்தா குடுக்கமாட்டேனா?"

அவர் கழுத்தில் கிடந்த சங்கிலியை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

இப்போது கோப்பிக்கு வருகிறேன். கோப்பி என் நாய். நான் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். கிளினிக்கின் பின்சந்தில் ஒரு மழை நாளில் ஈரப் பெட்டிக்குள் கிடந்தது. கடைக்காரர் கெட்டியாகப் போடும் பால் சேர்க்காத கோப்பி ஓவின் நிறம், அதனால் அந்தப் பெயர். மற்ற நாய்கள் மழை வந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடும். இது வாசலுக்கு ஓடும். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தில் போய் நின்று வாயைத் திறந்து, விழுகிற தண்ணீரைக் கடிக்கும். கடிபடாது என்று ஒரு நாளும் புரிந்துகொண்டதில்லை.

நான் வருஷத்து விடுமுறையை எப்போதும் நவம்பர் மழையில்தான் எடுப்பேன். கிளினிக்கில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் வெயில் பார்த்துக் கடற்கரைக்குப் போகிறவர்கள். எனக்கு மழைதான் விடுமுறை. மழை பெய்தால் யாரும் நம்மை எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். நானும் கோப்பியும் சுங்காய்க்குப் போய்விடுவோம். காலையில் தூறல் விழும்போதே செம்பனைத் தோப்புக்குள் செம்மண் பாதையில் நடப்போம். நான் ஜப்பான் சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொள்வேன். கோப்பி ஒவ்வொரு குட்டையிலும் இறங்கி ஏறும். வீடு திரும்பியதும் பழைய துண்டால் அதைத் துவட்டுவேன். துவட்டி முடிப்பதற்குள் உடம்பை உதறி என்னை நனைத்துவிடும். பிறகு முன்வாசல் சிமெண்டுத் தரையில் நான் படுத்துக்கொண்டு எதையாவது படிப்பேன். அது என் கால்மேல் தலையை வைத்துக்கொண்டு வாசல் லோங்காங் சாக்கடையில் வாய்க்கால்போல் ஓடும் தண்ணீரைப் பார்க்கும். இடி இடித்தால் ஒரு தடவை குரைத்துப் பதில் சொல்லிவிட்டு மறுபடி படுக்கும். ஈர நாயின் நாற்றத்தோடு சூடாகப் பொரித்த வாழைப்பழ பீசாங் கோரேங் வாசனையும் சேர்ந்தால் எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. நான் என் ஆயுளில் சந்தோஷமாக இருந்த நாள்களைக் கேட்டால் அந்த நாள்களைத்தான் சொல்வேன்.

பெரியம்மாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. நாயை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "அது" என்றுதான் சொல்வார். அது படுத்து எழுந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். நாயைவிடவும் அவருக்கு எரிச்சல் மூட்டியது நான் சும்மா படுத்திருப்பதுதான் என்று நினைக்கிறேன். "மழைய பாத்துக்கிட்டு நாயோட படுத்துக் கெடக்குறா. வயசு முப்பத்து நாலு" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்லப்படும். மழையின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கவும் கேட்கும்.

அந்த வருஷம் நான் வருவதற்கு முன்பே அவர் ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். பீடோரில் கார் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு என்னைப் பெண் பார்க்கச் சொல்லி, அவர்களை என் விடுமுறையில் ஒரு சனிக்கிழமைக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். "வந்து பாத்துட்டுப் போகட்டுமேடி, பாத்தா ஒட்டிக்குமா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. எங்கள் தாமானுக்கு வெளியிலிருந்து வர ஒரே பாதைதான், அது ஓடைப் பாலத்தைத் தாண்டித்தான் வரும். புதன்கிழமை பாலத்தின்மேல் தண்ணீர் ஓடியது. வியாழக்கிழமை காலையில் பாலமே தெரியவில்லை. தாமான்காரர்கள் குடையோடு போய் நின்று பாஞ்சிர், பாஞ்சிர் என்று வெள்ளத்தைப் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். பெரியம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். எனக்கோ குஷியான குஷி. சனிக்கிழமைக் கூட்டம் வர வழியில்லை. நானும் கோப்பியும் அன்று நாள் முழுக்க நனைந்தோம். நான் வேண்டுமென்றே பெரியம்மா பார்க்கிற இடமாகப் பார்த்து நனைந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை நின்றது. வெள்ளிக்கிழமை காலை வெயில் அடித்தது. பாலத்தின் கம்பி தெரிந்தது, மத்தியானத்துக்குள் பாலமே தெரிந்தது. நான் கோப்பிக்குக் கோழிக்கால் வாங்க மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் நாயும் இல்லை, சங்கிலியும் இல்லை. அம்மா சமையலறையில் குனிந்த தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா முன்வாசல் நாற்காலியில் குளித்து முழுகி உட்கார்ந்திருந்தார்.

"கோப்பி எங்க?"

"முனியாண்டி கோயில்ல."

"அங்க என்னா பண்ணுது?"

"மழ நின்னா நாய விட்டுர்றேன்னு முனியாண்டிக்கு வேண்டிக்கிட்டேன். நின்னுருச்சி. விட்டாச்சி."

எனக்குப் பிடித்த இரண்டையும் ஒரே வேண்டுதலில் முடித்திருந்தார். மழையைக் கொடுத்து நாயையும் கொடுத்திருந்தார், எனக்குப் பிடிக்காத பீடோர்க்காரரை வாங்குவதற்காக.  கோழிக்கால் பை கீழே விழுந்தது.

"அது என் நாய்."

"சாமிக்கு விட்டதுக்கு அப்புறம் என்னா ஒன் நாய்? அவுத்துக்கிட்டு வந்தீன்னா ஒனக்குத்தான் ஆகாது, சொல்லிட்டேன். எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்டி. நாளைக்கு அவங்க வாராங்க. நாயக் கட்டிக்கிட்டு நிக்கிற பொண்ண எவன் கட்டிக்குவான்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அம்மா வாயைத் திறந்து நான் பார்த்ததும் இல்லை. நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

முனியாண்டி கோயில் பழைய தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது கோயிலை மட்டும் விட்டுவைத்தார்கள். தகரக் கூரை, மீசையும் அரிவாளுமாக முனியாண்டி, அவர் காலடியில் ஒரு சிமெண்டு நாய். கோப்பி அந்தச் சிமெண்டு நாயின் காலில் கட்டப்பட்டிருந்தது. கழுத்தில் மஞ்சள் துணி, நெற்றியில் குங்குமம். போட்ட செம்பருத்தி மாலையில் பாதியைத் தின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் சங்கிலியை இழுத்த இழுப்பில் சிமெண்டு நாயே ஆடியது. கோயிலுக்கு விட்ட நாய்கள் அங்கே அதிக நாள் இருப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றிலும் காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்த கண்ணிக்கு நாய் என்றும் பன்றி என்றும் தெரியாது. பெரியம்மாவுக்கும் அது தெரியும்.

பூசாரி அண்ணன் எண்ணெய் ஆலையில் ஜாகா வேலை பார்ப்பவர். காவல் உடையோடு உட்கார்ந்து விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாய நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"கூட்டிக்கிட்டுப் போலாம்லா. நான் என்னா தடுக்கவா போறேன்? சாமிக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதுக்குச் சோறு போட வேண்டியதில்ல. ஆனா ஒங்க பெரியம்மா மறுபடி கொண்டாந்து கட்டுவாங்க. எத்தன தடவ அவுப்பீங்க?"

அவர் சொன்னது சரிதான். நான் ஈப்போவுக்குத் திரும்பும்வரைக்கும் காவல் காக்கலாம். அடுத்த விடுமுறைக்கு? நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோப்பி என் முகத்தை நக்கியது.

"வேண்டுதல மாத்த முடியுமாண்ணே?"

"மாத்திக்கலாம். நாயத் திருப்பிக் குடுத்துட்டு அதுக்கு ஈடா வேற ஒண்ணு வாங்கிக்கச் சொல்லி சாமிகிட்ட கேக்கலாம். என்னா குடுக்குறீங்க?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பதில் வந்துவிட்டது. "பெரிம்மாவோட பேச்ச. ஒரு மண்டலம் அவங்க யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டாங்க. மௌன விரதம்."

பூசாரி அண்ணன் துடைப்பதை நிறுத்தினார். "அவங்க பேச்ச நீங்க எப்படிக் குடுப்பீங்க?"

"என் நாய அவங்க எப்படிக் குடுத்தாங்க?"

அவர் முனியாண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் வருவதை நான் பார்த்தேன். முனியாண்டிக்குப் படைத்த சுருட்டைப் பூசாரி பிடிக்கக்கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னவர் பெரியம்மாதான். அண்ணன் எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டுச் சூடம் ஏற்றினார். வேண்டுதலை முழுசாக, ஒரு சொல் குறையாமல், முனியாண்டிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். ஓர் எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றையும் என் கையில் கொடுத்து, "அவங்க கையில குடுங்க. மழ வேற இன்னும் வரல, அதனால நாய் வெளிய வரலாம்" என்றார். இந்தக் கடைசிக் காரணம் எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் வாதாடவில்லை.

நாயோடு போய் வாசலில் இறங்கியதும் பெரியம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். நான் எலுமிச்சம்பழத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். அதற்கான பதில்களை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் வாய் மூடியது.

அவர் உள்ளே போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வந்தார். எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரைக்கும் அவரை ஒரு வேஷக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். சாமியைச் சாக்காக வைத்து எங்களை ஆட்டிப் படைக்கிறார் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் உண்மையிலேயே நம்புகிறார் என்று அன்றுதான் தெரிந்தது. என் முடியை எடுத்ததும் அப்பாவின் நாக்கில் வேலைக் குத்தியதும் எங்களைக் காப்பாற்றத்தான் என்று அந்த அம்மா மனசார நம்பியிருக்கிறார். அது தெரிந்தபோது எனக்குக் கோபம் குறையவில்லை. கூடிவிட்டது. வேஷக்காரியாக இருந்தால் ஒரு நாளைக்காவது வெட்கப்பட வைக்கலாம். இவரை என்ன செய்வது?

சனிக்கிழமை பீடோர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஓர் அத்தை. பெரியம்மா நல்ல புடவை கட்டி நடுவில் உட்கார்ந்திருந்தார், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு. மாப்பிள்ளையின் அம்மா ஏதாவது கேட்டால் கையை ஆட்டினார். கண்ணை உருட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அம்மாதான் பேசும்படி ஆயிற்று.

"அக்கா மௌன விரதம்ங்க."

"அப்படியா, நல்லது. யாருக்காக?"

"நாய்க்காக."

அந்த அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். என் அம்மா நிறுத்தவில்லை. மழை, பாலம், வேண்டுதல், சிமெண்டு நாய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். நிதானமாக, ஒவ்வொன்றாக, நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னார். பெரியம்மா முழங்கையால் இடித்துப் பார்த்தார். அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு மிச்சத்தைச் சொன்னார்.

"அந்த நாய் பொண்ணு கூட வருமா?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

"வரும்ங்க. மழ பேஞ்சா ரெண்டு பேரும் வெளியதான் நிப்பாங்க. உள்ள கூப்பிட்டா வராதுங்க. எம்மவளும் அப்படித்தான். கேக்காம எதையும் குடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பாத்துக்கங்க."

மாப்பிள்ளை நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் மேகம் கறுக்கிறது, பாலம் மறுபடி முங்கிவிடும் என்று எழுந்துவிட்டார்கள். அம்மா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை திரும்பி வந்தது. விடுமுறையின் மிச்ச நாள்கள் எனக்கும் கோப்பிக்கும் கிடைத்துவிட்டன. வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், நான் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருப்பார். கோப்பி பக்கத்தில் போனால் கையைத் தட்டுவார், அல்லது துடைப்பத்தைத் தரையில் அடிப்பார். "பெரிம்மா, ஏதாச்சும் சொல்றீங்களா?" என்று நான் கேட்பேன். இப்படிக் கேட்பதற்காகவே உள்ளேயிருந்து எழுந்து வருவேன்.

ஒரு நாள் கோப்பி உதறிய தண்ணீரில் அவர் வழுக்கி விழுந்தார். முழங்கை படியில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓடினேன். யாராக இருந்தாலும் அந்த அடிக்கு ஐயோ என்றோ அம்மா என்றோ சொல்லியிருப்பார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, என்னைப் பார்த்துக்கொண்டே தானாக எழுந்தார். நான் நீட்டிய கையைத் தொடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பில் கொஞ்சம் பயமும் கலந்தது அப்போதுதான். அன்று நான் மழைக்குப் போகவில்லை. கோப்பி மட்டும் போயிற்று.

மண்டலம் முடிந்த அன்று அம்மா போன் செய்தார். பெரியம்மா கோயிலில் விரதத்தை முடித்துவிட்டுப் பூசாரி அண்ணனிடம் தொடங்கி, தாமானின் கடைசி வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாராம். பாக்கி வைத்த பேச்சையெல்லாம் அன்றைக்கே தீர்த்தாராம். "அவங்ககிட்ட போனக் குடுங்க" என்றேன். அம்மா அக்காவைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அம்மாவின் குரல்தான் வந்தது. "அக்கா வரமாட்டேங்கிறாங்க."

அதற்குப் பிறகு பெரியம்மா என்னிடம் பேசவே இல்லை. பொங்கலுக்குப் போனேன், தீபாவளிக்குப் போனேன், ஒவ்வொரு நவம்பரிலும் கோப்பியோடு போனேன். எல்லோரிடமும் அதே குரல். என்னைக் கண்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். என் தட்டில் சோறு வைப்பார், எனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலை நகர்த்தி வைப்பார், பேச மாட்டார். தோற்றுப்போன ஆத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது தோதாகத்தான் இருந்தது. நிம்மதியாக மழையைப் பார்த்தேன்.

இரத்தக் கொதிப்பு முற்றி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனேன். தாதியிடம் தண்ணீர் கேட்டார். அம்மாவிடம் கால் வலிக்கிறது என்றார். நான் கட்டிலுக்கு அருகே போனதும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எனக்குச் சுரீரென்றது. சாகக் கிடக்கும்போதுமா இந்த வீம்பு என்று வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த நாள் அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். நான் அடக்கிவைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"ஒரு நாய்க்காக இத்தன வருஷம் எங்கிட்ட பேசாம செத்தாங்களேம்மா. இது என்னா மனசு?"

அம்மா பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "நாய்க்காக இல்ல. நீ வேண்டிக்கிட்டது ஒரு மண்டலந்தானே. அதுக்கு மேல ஒங்கிட்ட பேசாம இருந்தது, அக்காவே நேந்துக்கிட்டது."

"நேந்துக்கிட்டதா?"

"ஆமா. மண்டலம் முடிஞ்ச அன்னிக்கே, கோயில்ல வச்சி. எனக்கே ஆஸ்பத்திரில வச்சித்தான் சொன்னாங்க. ஒங்கிட்ட பேசுறத முனியாண்டிக்குக் குடுத்துட்டாங்களாம்."

அவர் சாமிக்குக் கொடுத்ததில் அவருடையது என்று ஒன்று இருந்திருக்கிறது.  அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

"எதுக்காகம்மா? என்னா கேட்டுக் குடுத்தாங்க?"

"அது சொல்லல. நடக்குறதுக்கு முன்னாடி வெளிய சொன்னா பலிக்காதுன்னாங்க. ஒனக்காகன்னு மட்டுந்தான் சொன்னாங்க."

அம்மா பாய்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்காக என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்க இனி ஆள் இல்லை. இந்த முறையும் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.